கேரொலப் பள்ளி: காட்டு நடையும் நூங்கார் சிறுவர் ஓவியங்களும்

கேரொலப் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், கட்டானிங் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் இடமாகும். நூங்கார் என்னும் தொல்குடி மக்களுக்கென அரசு அமைத்த குடியிருப்பு ஒன்று இங்கே இயங்கியது. பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் பலர் அதில் வளர்க்கப்பட்டனர். 1946ஆம் ஆண்டு முதல் 1950ஆம் ஆண்டு வரை அங்கிருந்த சிறிய பள்ளியில், தலைமையாசிரியர் ஒருவர் பிள்ளைகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று, கண்டவற்றைத் திரும்பி வந்து வரையச் சொன்னார். அவ்வாறு பிறந்த ஓவியங்கள் இலண்டன் வரை சென்று பாராட்டுப் பெற்றன. எனினும் சில ஆண்டுகளிலேயே பள்ளி மூடப்பட்டது. ஓவியங்களில் பெரும் தொகுதி ஒன்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக் காலம் தங்கியிருந்து, 2013இல் தாயகம் திரும்பியது.

வகுப்பறைக்கு வெளியே நிகழும் கல்வி, தொல்குடிக் கலை, நிலத்தைப் பேணும் அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறிய கேரொலப் பள்ளியின் வரலாறு உதவுகிறது. நிலத்தைப் பற்றிய அறிவைக் குழந்தைகளிடமிருந்து முழுவதுமாக அழித்துவிட முடியாது என்பதும், அதை வெளிப்படுத்தும் வாய்ப்பை மட்டும் மிக எளிதாகப் பறித்துவிட முடியும் என்பதும் இவ்வரலாற்றிலிருந்து தெரியவருகின்றன.

நூங்கார் மக்களும் அவர்களது நிலமும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்மேற்கு மூலையே நூங்கார் மக்களின் தாயகம். 45,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே மனிதர் வாழ்ந்து வருகின்றனர். நிலத்தை அவர்கள் 'பூட்ஜா' என்று அழைப்பர். இச்சொல் மண்ணை மட்டும் குறிப்பதன்று. அதன் மரங்கள், விலங்குகள், நீர்நிலைகள், முன்னோர் நினைவுகள், அவற்றைக் காக்கும் கடமை ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிப்பது.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது போலவே, நூங்கார் மக்களும் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்துள்ளனர். திசம்பர், சனவரி மாதங்களில் வரும் பிராக் வறண்ட முதல் கோடை. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரும் புனுரு கடும் வெயிற்காலம். ஏப்ரல், மே மாதங்களின் ஜெரான் இரவுகள் குளிரத் தொடங்கும் காலம். சூன், சூலை மாதங்களின் மகுரு குளிரும் மழையும் மிக்கது. ஆகத்து, செப்டம்பர் மாதங்களின் ஜில்பாவில் மழை நாளும் வெயில் நாளும் மாறி மாறி வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களின் கம்பராங் காட்டுப் பூக்கள் மலரும் காலம்.

இப்பருவங்கள் நாட்காட்டியில் தேதி பார்த்துத் தொடங்குபவை அல்ல. எந்தச் செடி பூத்தது, எந்தப் பறவை கூடு கட்டியது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பவற்றைக் கொண்டே பருவம் மாறியதை அறிந்தனர். எந்த உணவை எப்போது தேடுவது, எங்கே தங்குவது, புதர்க்காட்டில் எப்போது சிறு தீ வைப்பது என்பனவெல்லாம் இந்த அறிவைச் சார்ந்தவை. பொருத்தமான பருவத்தில், பகுதி பகுதியாக வைக்கப்பட்ட சிறு தீ, பெருங்காட்டுத்தீயைத் தடுத்தது. புதிய புல்லைத் தளிர்க்கச் செய்து கங்காருக்களையும் வரவழைத்தது. பெரியவர்களுடன் நடந்து, பார்த்து, கேட்டு, செய்து பழகியே பிள்ளைகள் இவற்றைக் கற்றனர். நிலமே அவர்களது பள்ளியாக இருந்தது.

சட்டமும் குடியிருப்பும்

1829இல் ஆங்கிலேயர் ஸ்வான் ஆற்றுக் குடியேற்றத்தை நிறுவினர். அதன்பின் நூங்கார் நிலம் படிப்படியாகக் குடியேறியவர்களின் கைக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதுமைப் பயிருக்காகவும் ஆட்டு மந்தைகளுக்காகவும் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன.

1905ஆம் ஆண்டின் தொல்குடியினர் சட்டம் இம்மக்களின் வாழ்க்கையை அடியோடு மாற்றியது. தலைமைப் பாதுகாவலர் என்னும் அரசு அதிகாரியே 16 வயதுக்குட்பட்ட தொல்குடிக் குழந்தைகளுக்கும், கலப்புப் பிறப்புடைய குழந்தைகளுக்கும் சட்டப்படியான காப்பாளர் ஆனார். பெற்றோர் உயிருடன் இருந்தபோதே குழந்தையின் மீதான உரிமை அரசிடம் சென்றது. 1936ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வதிகாரத்தை 21 வயது வரை நீட்டித்தது. 1915 முதல் 1940 வரை இப்பதவியில் இருந்தவர் ஏ. ஓ. நெவில். குழந்தைகளைக் குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்து வளர்த்தால், காலப்போக்கில் அவர்கள் வெள்ளையர் சமூகத்தில் கரைந்துவிடுவர் என்பது அவரது கொள்கை. இவ்வாறு பிரிக்கப்பட்டவர்களையே பிற்கால வரலாறு 'திருடப்பட்ட தலைமுறையினர்' என்று குறிப்பிடுகிறது.

கேரொலப் குடியிருப்பு 1915இல் தொடங்கப்பட்டது. 1922இல் அது மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் வடக்கே வெகுதொலைவில் உள்ள மூர் ஆற்றுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். 1940 அளவில் கேரொலப் மீண்டும் திறக்கப்பட்டது. பிள்ளைகள் இரவில் பூட்டிய கூடங்களில் உறங்கினர். சிறுவர்கள் பண்ணை வேலைக்கும், சிறுமியர் வீட்டு வேலைக்கும் போவார்கள் என்பதே அவர்களுக்கு வகுக்கப்பட்டிருந்த எதிர்காலம். அதற்கு மேல் கல்வி எதற்கு என்பதே அக்கால அதிகாரிகள் பலரின் மனப்பான்மையாக இருந்தது.

நோயல் வைட்டின் வகுப்பு

1946இல் நோயல் வைட் இப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். அவருடைய துணைவியார் லில்லி வைட்டும் பள்ளியில் பணியாற்றினார். புதியவர்களைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும் பிள்ளைகள், பேச்சைத் தவிர்க்கும் பிள்ளைகள், எழுதப் படிக்க அறியாத பெரிய பையன்கள் ஆகியோரைக் கொண்டதாக இருந்தது அவரது வகுப்பு. பிரம்பும் பாடநூலும் இங்கே பயன்தரா என்பதை அவர் விரைவில் உணர்ந்தார்.

பாட்டு, நடனம், விளையாட்டு ஆகியவற்றால் பிள்ளைகளின் அச்சத்தைப் போக்க முயன்றார். இவற்றுடன், அவர்களைப் பள்ளியைச் சூழ்ந்த காட்டுக்குள் நடத்திச் செல்லலானார். நடையின்போது அவர் பிள்ளைகளிடம் வேண்டியது உற்றுப் பார்ப்பதை மட்டுமே. மரம் எப்படிக் கிளைக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மாலை வெளிச்சத்தில் மண்ணின் நிறம் எப்படி மாறுகிறது, விலங்கு எந்த நிலையில் நிற்கிறது என்பவற்றைக் கவனித்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வகுப்புக்குத் திரும்பியபின் கண்டவற்றை நினைவிலிருந்து வரைய வேண்டும்; எழுதவும் வேண்டும்.

இம்முறையில் மூன்று நன்மைகள் இருந்தன. முதலாவது, எழுத்தறியாத பிள்ளையும் தான் அறிந்ததை முதல் நாளிலேயே தாளில் காட்ட முடிந்தது. இரண்டாவது, எழுத்துப் பாடத்துக்கான பொருள் பிள்ளையின் சொந்த அனுபவத்திலிருந்து கிடைத்தது. மூன்றாவது, பூட்டிய கூடத்துக்கும் வேலித் தடுப்புக்கும் பழகிப்போன பிள்ளைகளுக்குத் தங்கள் முன்னோரின் நிலத்தில் கால் பதித்து நடக்கும் வாய்ப்பு மீண்டும் வாய்த்தது. வைட் இம்மூன்றாவது நன்மையைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஓவியங்களில் ஆழமாகப் பதிந்திருப்பது அதுவே.

ஓவியங்களின் இயல்பு

கரும்பலகைக்குரிய வண்ணச் சுண்ணக்கட்டி, பாஸ்டல் வண்ணக்கட்டி, நீர்வண்ணம், மை முதலியன அவர்களது கருவிகள். வரைந்தவர்கள் பெரும்பாலும் 14, 15 வயதுக்கு உட்பட்டவர்கள். ரெவல் கூப்பர், ரெய்னால்ட் ஹார்ட், பார்னெல் டெம்ப்ஸ்டர், பாரி லூ ஆகியோர் இப்பள்ளியிலிருந்து பெயர் பெற்றவர்களில் சிலர். எஞ்சியுள்ள ஓவியங்களில் சிறுவர்கள் வரைந்தவையே மிகுதி.

இவ்வோவியங்களைப் பார்ப்பவர்கள் ஒரு பொதுத்தன்மையை எளிதில் கண்டுகொள்ளலாம். முன்புறத்தில் கருநிழலாக உயர்ந்து நிற்கும் மரங்கள். அவற்றுக்கு இடையே ஒளி படர்ந்த திறந்த வெளி. தொடுவானில் செம்மஞ்சளாகக் கனலும் மாலைப்பொழுது. அந்தப் பெருவெளியில் சிறிய உருவங்களாக கங்காருக்கள், ஈட்டி ஏந்திய வேட்டையாளர்கள், அல்லது கொரோபரி என்னும் கூட்டு நடனம் ஆடுவோர். மனிதர் சிறியவராகவும் நிலம் பெரியதாகவும் அமைந்த ஓவியங்கள் பல.

வரையப்பட்ட மரங்கள் பொதுவான மரங்கள் அல்ல. அவை தமிழ்நாட்டில் தைலமரம் என்று வழங்கும் யூக்கலிப்டசின் பல வகைகள். கரிந்த தண்டின் மேல் புல்கற்றை விரிந்தது போன்ற புல்மரங்கள். ஒவ்வொன்றையும் அதன் தண்டு வளைவாலும் கிளை அமைப்பாலும் இனங்காணலாம். காதை நிமிர்த்தி ஆபத்தை உணர்ந்து நிற்கும் கங்காருவையும், அச்சமின்றி மேயும் கங்காருவையும் இவர்களது கோடுகள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. நிலத்தைப் படிக்கத் தெரிந்த கண்ணால் மட்டுமே இத்தகைய நுட்பத்தைக் காண இயலும்.

அதே காலத்தில் மத்திய ஆஸ்திரேலியாவில் ஆல்பர்ட் நமத்ஜிரா என்னும் அரந்தா ஓவியர் நீர்வண்ண நிலக்காட்சிகளால் புகழ்பெற்றிருந்தார். அவருடைய ஓவியங்களைப் போலவே கேரொலப் ஓவியங்களும் வடிவத்தில் மேற்கத்திய நிலக்காட்சி முறையைச் சார்ந்தவை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாலைநிலப் புள்ளி ஓவியங்களிலிருந்து அவை வேறானவை. 'இது உண்மையான தொல்குடிக் கலைதானா?' என்ற ஐயம் இதனால் சிலருக்கு எழுவதுண்டு. தாள், வண்ணம், தூரக் காட்சி முறை ஆகியன வெளியிலிருந்து வந்தவை என்பது உண்மை. நிலத்தை உயிருள்ளதாகவும், மனிதரை அதன் ஓர் அங்கமாகவும் காணும் பார்வை நூங்கார் மரபுக்கே உரியது.

கற்பித்தவர் யார்?

கேரொலப் வரலாற்றை ஒரு நல்லாசிரியரின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மையே. நோயல் வைட் நூங்கார் அறிவைக் கற்பிக்கவில்லை. அதைக் கற்பிக்க அவருக்குத் தகுதியும் இல்லை. பருவங்களின் பெயர்களையோ விலங்குகளின் தடங்களையோ அவர் சொல்லித் தரவில்லை. அவை பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்தும் பாட்டன் பாட்டியரிடமிருந்தும் ஏற்கெனவே ஓரளவு வந்து சேர்ந்திருந்தன. பிரிவினால் அவை சிதைந்திருந்தன, முற்றிலும் அழிந்துவிடவில்லை.

வைட் செய்தது கதவைத் திறந்தது. தாளைக் கொடுத்து, 'நீ பார்த்ததை நீயே வரை' என்று பிள்ளையை நம்பினார். வரைந்ததை மதித்தார். பிள்ளையின் உள்ளே இருந்த அறிவு வெளிப்பட அதுவே போதுமானதாக இருந்தது. வைட்டின் பணியைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆசிரியர் கொடுப்பது எது, பிள்ளை கொண்டுவருவது எது என்ற வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணர வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுகிறது. இப்பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைவு என்று கூறிவந்த அரசுக் கொள்கைக்கு, அவர்களது ஓவியங்களே மறுப்பாக அமைந்தன.

புகழும் மூடலும்

1949ஆம் ஆண்டு சூலையில் ஃபுளோரன்ஸ் ரட்டர் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி கேரொலப் வந்தார். சொராப்டிமிஸ்ட் என்னும் மகளிர் சங்கங்களை நிறுவும் பணிக்காக எழுபது வயதைக் கடந்த நிலையில் ஆஸ்திரேலியா சுற்றி வந்தவர் அவர். பிள்ளைகளின் ஓவியங்களைக் கண்டு வியந்து, பலவற்றை வாங்கி எடுத்துச் சென்றார். 1950இல் இலண்டனிலும், பின்னர் நெதர்லாந்திலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் திரண்டு பார்த்தனர். மேற்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேரி டியூராக் மில்லர், ரட்டருடன் இணைந்து இப்பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூல் 1952இல் வெளிவந்தது.

நூல் வெளிவருவதற்கு முன்பே பள்ளி மூடப்பட்டுவிட்டது. 1950-51இல் அரசு கேரொலப்பைப் பெரிய பையன்களுக்கான பண்ணைப் பயிற்சி இடமாக மாற்ற முடிவு செய்தது. சிறுமியரும் இளம் பிள்ளைகளும் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வைட் தம்பதியர் வெளியேறினர். 1952 முதல் அவ்விடம் மாரிபேங்க் என்னும் பெயரில் கிறித்தவ பாப்டிஸ்ட் சபையின் நிர்வாகத்தில் இயங்கியது. உலகம் இவ்வோவியர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய வேளையில், அவர்கள் கூலி வேலைக்குப் பழக்கப்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தனர்.

வளர்ந்தபின் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அவர்களில் மிகச் சிலருக்கே கிட்டியது. ரெவல் கூப்பர் தொடர்ந்து வரைந்தார். வாழ்வின் பல ஆண்டுகளைச் சிறைகளில் கழிக்க நேர்ந்த அவர், ஃபிரிமாண்டில் சிறையிலும் தூரிகையை விடவில்லை. அவர் 1983இல் காலமானார். தாம் பிறந்த தென்பகுதியின் மரங்களையும் மாலை ஒளியையும் சிறைச் சுவர்களுக்குள்ளிருந்து நினைவிலிருந்தே வரைந்தார். காட்டு நடையில் பழகிய 'பார், நினைவில் கொள், வரை' என்னும் பாடம் அங்கே அவருக்குக் கைகொடுத்தது.

ஓவியங்களின் நெடும் பயணம்

ரட்டர் பொருள் நெருக்கடிக்கு ஆளாகி, 1956இல் தம்மிடமிருந்த ஓவியங்களை நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் மேயர் என்னும் செல்வந்தருக்கு விற்றார். மேயர் 1966இல் அவற்றை நியூயார்க் மாநிலத்தின் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். பற்பசையால் நாம் அறிந்த அதே கோல்கேட் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே அவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றி இருந்தன.

2004இல் ஆஸ்திரேலிய மானுடவியலாளர் ஹோவர்ட் மோர்ஃபி அப்பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இத்தொகுதியைப் பார்த்து, அவை கேரொலப் பிள்ளைகளின் ஓவியங்கள் என்பதை அடையாளம் கண்டார். மொத்தம் 122 படைப்புகள் இருந்தன. செய்தி நூங்கார் மக்களை எட்டியது. 2006இல் சில ஓவியங்கள் கட்டானிங் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, தாத்தாவும் மாமாவும் சிறுவயதில் வரைந்த படங்களைக் குடும்பத்தினர் முதன்முறையாகக் கண்டனர். 2013இல் கோல்கேட் பல்கலைக்கழகம் இத்தொகுதி முழுவதையும் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. இன்று அவை அங்குள்ள ஜான் கர்ட்டின் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 'இதயம் வீடு திரும்புகிறது' என்னும் பொருளுடைய நூங்கார் தொடரே அவ்வாண்டுக் கண்காட்சிக்குப் பெயராயிற்று.

நிலத்துக்கு நேர்ந்தது

பிள்ளைகள் வரைந்த காடுகளின் கதையையும் அறிந்தாலே இவ்வரலாறு நிறைவு பெறும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் இயற்கைத் தாவரங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. அதன் விளைவாக நிலம் உப்பேறியது.

இதன் காரணம் எளிது. கடற்காற்றும் மழையும் கொண்டுவந்த உப்பு பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணின் ஆழத்தில் தேங்கியிருந்தது. ஆழ வேர்விட்ட மரங்கள் மழைநீரை உறிஞ்சி, நிலத்தடி நீரைத் தாழ்வாகவே வைத்திருந்தன. மரங்களை வெட்டி, மேலோட்டமான வேர்களைக் கொண்ட கோதுமையை விதைத்தபோது நீர் மட்டம் உயர்ந்தது. நீருடன் உப்பும் மேலேறி வந்து வயல்களையும் ஓடைகளையும் பாழாக்கியது. டபிள்யூ. இ. வுட் என்னும் ரயில்வே பொறியாளர் 1924இலேயே இதைக் கண்டறிந்து எழுதினார். காடு அழிந்த இடங்களில் ரயில் எஞ்சினுக்கு எடுக்கும் நீர் உவர்ப்பாவதைக் கவனித்ததே அவரது ஆய்வுக்கு அடிப்படை. ஆயினும் காடழிப்பு அதன்பின் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

நிலத்தை அறிந்த மக்களை அதிலிருந்து அகற்றியதும், அந்நிலம் நலிந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. கேரொலப் ஓவியங்களில் நெடிதுயர்ந்து நிற்கும் மரங்களைப் பார்க்கும் இன்றைய மாணவர், அழகுடன் சேர்த்து ஓர் இழப்பின் பதிவையும் காண்கிறார்.

இன்றைய கல்வியில்

1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, குழந்தைகள் பிரிக்கப்பட்ட வரலாற்றை நாடறியச் செய்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் திருடப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கோரினார். நூங்கார் மக்களின் நில உரிமை குறித்த தென்மேற்கு உடன்படிக்கை 2021 பிப்ரவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது.

கல்வியிலும் மாற்றங்கள் வந்துள்ளன. ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டம் தொல்குடி மக்களின் வரலாறும் பண்பாடும், வளங்குன்றா வாழ்வு ஆகியவற்றை எல்லாப் பாடங்களிலும் ஊடாடும் முதன்மைப் பொருள்களாக வைத்துள்ளது. நூங்கார் ஆறு பருவ நாட்காட்டியை அந்நாட்டு வானிலை ஆய்வகமே வெளியிட்டுள்ளது. ஷேன் பிக்கெட் (1957-2010) போன்ற நூங்கார் ஓவியர்கள் இப்பருவங்களைத் தம் ஓவியங்களின் கருப்பொருளாக்கினர்.

கேரொலப் தரும் பாடத்தை எந்த நாட்டுப் பள்ளியும் பின்பற்றலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளியைச் சுற்றியுள்ள நிலத்தில் நடப்பது; பார்த்ததைத் திரும்பி வந்து வரைவதும் எழுதுவதும்; அந்நிலத்தைத் தலைமுறைகளாக அறிந்த பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டறிவது ஆகிய மூன்றே போதும். இவற்றில் முதல் இரண்டையும் நோயல் வைட் செய்தார். மூன்றாவதைச் செய்ய அக்காலச் சட்டம் இடம் தரவில்லை. அப்பெரியவர்களிடமிருந்துதான் அது பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்தது. இன்று அத்தடை இல்லை. நூங்கார் மூத்தோர் பள்ளிகளுக்கு வந்து பருவங்களையும் செடிகளையும் சொல்லித் தருகின்றனர். கேரொலப்பில் விடுபட்டுப்போன பாடம் இப்போதுதான் தொடர்கிறது.